பெல்ட்டா, செயினா? டைமிங் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. கிராங்க்ஷாஃப்ட்டையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கேம்ஷாஃப்ட்டையும் (வால்வுகளைத் தள்ளும் தண்டு) இணைத்து, வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைப்பது ரப்பர் பெல்ட்டா, இரும்புச் செயினா என்பதுதான் அந்தச் சந்தேகம். பெல்ட் என்றால் காலக்கெடு உண்டு. அதைத் தவறவிட்டால் என்ஜினின் ஹெட்டே (சிலிண்டர்களுக்கு மேலே வால்வுகள் இருக்கும் பகுதி) போகலாம். அதனால் இதற்கு ‘ஏதோ ஒன்று இருக்கும்’ என்ற பதில் போதாது. கேள்விகளை ஒட்டியே பார்ப்போம்.

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கப் பார்த்துவைத்திருக்கிறேன். “இது செயின் என்ஜின், செலவே வைக்காது” என்கிறார் விற்பவர். காருடன் கையேடு இல்லை. பானெட்டைத் திறந்து பார்த்து நானே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலான என்ஜின்களில் முடியும். பத்து நிமிடமும் ஒரு டார்ச்சும் போதும். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

முதலில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவேண்டும். என்ஜினுக்கு இரண்டு முனைகள். ஒன்றில் கியர்பாக்ஸ் ஒட்டியிருக்கும். ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் ஆகியவற்றைச் சுழற்றும் பெல்ட் ஓடுவது மற்ற முனையில். டைமிங் அமைப்பு அநேகமாக இந்தப் பெல்ட்டுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும். என்ஜின் குறுக்காகப் பொருத்தப்பட்ட கார்களில் இந்த முனை ஒரு முன்சக்கரத்தைப் பார்த்தபடி இருக்கும். நீளவாக்கில் பொருத்தப்பட்டவற்றில் ரேடியேட்டரைப் பார்த்திருக்கும். மேலே அழகுக்காக மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பாருங்கள்.

இப்போது அந்த முனையை மூடியிருக்கும் கவரைக் கவனியுங்கள். வழக்கமான டைமிங் பெல்ட் எண்ணெய் படாமல், காய்ந்தபடி ஓடவேண்டியது. அதன் கவரின் வேலை தூசியையும் கல்லையும் தடுப்பது மட்டுமே. ஆகவே அது மெல்லிய பிளாஸ்டிக்காக இருக்கும். மேல், கீழ் என இரண்டு, மூன்று துண்டுகளாக வரும். சிறிய போல்ட்டுகளோ கிளிப்புகளோ பிடித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால் டப்பா போல் ஒலிக்கும், விரலால் அழுத்தினால் சற்று அமுங்கும். இரண்டு கேம்ஷாஃப்ட் கொண்ட என்ஜின் என்றால் கவரின் மேல்பகுதி இரண்டு காது முளைத்ததுபோல் அகன்றிருக்கும். கேம் புல்லி கிராங்க் புல்லியைப் போல் இரண்டு மடங்கு பற்கள் கொண்டது. அப்படிப்பட்ட இரண்டு பெரிய சக்கரங்களை மூடவேண்டியிருப்பதால் வந்த வடிவம் அது.

செயின் எண்ணெயில் குளித்தபடி ஓடுவது. அதன் கவர் ஒரு சொட்டுகூடக் கசியக் கூடாது. அதனால் அநேகமாக வார்ப்பு அலுமினியத்தில், மேலே டேப்பட் கவரிலிருந்து (ஹெட்டின் மேல்மூடி) கீழே ஆயில் சம்ப் (எண்ணெய் தேங்கும் அடித்தொட்டி) வரை ஒரே துண்டாக இருக்கும். ஓரம் முழுக்க நெருக்கமாகப் போல்ட்டுகள். இணைப்பில் சீலன்ட் பிதுங்கிக் காய்ந்திருப்பதைக் காணலாம். கிராங்க் புல்லி வெளிவரும் இடத்தில் இந்தக் கவரிலேயே ஆயில் சீல் இருக்கும்.

பலர் கவனிக்காத, ஆனால் மிக உதவியான அடையாளம் டேப்பட் கவரின் முனைதான். செயின் என்ஜினில் டேப்பட் கவர், செயின் இருக்கும் பகுதியையும் சேர்த்து மூடியபடி என்ஜினின் கடைசிவரை நீளும். பெல்ட் என்ஜினில் அது ஹெட்டோடு நின்றுவிடும். அதற்கப்பால் பிளாஸ்டிக் கவர் தனியாக நிற்கும், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி தெரியும். கீழ்ப்பகுதி முழுவதும் கம்பியும் குழாயும் மறைத்திருந்தாலும் இந்த இடத்தை மேலிருந்தே பார்த்துவிடலாம்.

காந்தத்தை ஒட்டிப் பார்க்கச் சொல்லும் யோசனை ஒன்று உலவுகிறது. அது இங்கே உதவாது. அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது, பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது.

பிளாஸ்டிக் கவர்தான் என்று தெரிந்தால், விற்பவரிடம் கேட்டுக்கொண்டு மேல் துண்டை மட்டும் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனரில் கழலும் இரண்டு மூன்று போல்ட்டுகள்தான். முழுதாக எடுக்க வழியில்லை என்றால் சற்றே விலக்கி, டார்ச் எரியும் செல்போன் கேமராவை அந்த இடுக்கில் காட்டிப் படமெடுங்கள். கறுப்பு ரப்பர், உட்பக்கம் குறுக்குவாட்டில் பற்கள் என்றால் அது டைமிங் பெல்ட். கழற்றிய போல்ட் எதுவும் உள்ளே விழுந்துவிடக் கூடாது. பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் ஒரு போல்ட் மாட்டினால், அடுத்த ஸ்டார்ட்டில் பெல்ட் பல் தாண்டிவிடும்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதும் ஒரு வழி. அந்தத் துளை டைமிங் முனைக்கு அருகில் இருந்தால் சில என்ஜின்களில் செயினே கண்ணில் படும். கேமின் முட்டை வடிவ மேடுகள் மட்டும் தெரிந்தால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வரமுடியாது, ஏனென்றால் அவை எல்லா என்ஜினிலும் உண்டு.

கடைசியாக ஒரு விதிவிலக்கு. பிஎம்டபிள்யூவின் என்47 டீசல், ஃபோக்ஸ்வேகனின் விஆர்6 போன்றவற்றில் செயின் இருப்பது கியர்பாக்ஸ் பக்கம். முன்முனையில் தேடினால் எதுவும் கிடைக்காது. டேப்பட் கவர் கியர்பாக்ஸ் பக்கத்தில் தடித்து நீண்டிருந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: பானெட்டைத் திறந்ததுமே ஒரு பெல்ட் ஓடுவது தெரிகிறது. அப்படியானால் என் கார் பெல்ட் என்ஜின்தானே?

இல்லை. வெறும் கண்ணுக்குத் தெரியும் அந்தப் பெல்ட் ஆல்டர்னேட்டர், ஏசி, சிலவற்றில் பவர் ஸ்டீயரிங் ஆகியவற்றைச் சுழற்றுவது. பேச்சுவழக்கில் இன்றும் பலர் அதை ஃபேன் பெல்ட் என்கிறார்கள். செயின் என்ஜினிலும் அது இருக்கும். அதன் வரிகள் நீளவாக்கில் ஓடும். டைமிங் பெல்ட்டின் பற்கள் குறுக்கே இருக்கும். அது எப்போதும் கவருக்குள் இருப்பதால் எதையும் கழற்றாமல் பார்க்கமுடியாது.

இந்தக் குழப்பத்தில் ஒரு ஆபத்து உண்டு. ‘பெல்ட் மாற்றியது’ என்று பழைய ரசீதில் இருப்பது எந்தப் பெல்ட் என்று பாருங்கள். பெல்ட்டோடு டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை), வாட்டர் பம்ப், கூலன்ட் என்று பட்டியல் நீண்டிருந்தால் டைமிங் பெல்ட் வேலை நடந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு பெல்ட்டும் அரைமணி நேரக் கூலியும் என்றால் அது வெளிப் பெல்ட்டாகத்தான் இருக்கும்.

கேள்வி: நண்பரும் நானும் வைத்திருப்பது ஒரே பெயருள்ள கார். அவருடையதில் செயின், என்னுடையதில் பெல்ட் என்கிறார் மெக்கானிக். இது எப்படிச் சாத்தியம்?

தாராளமாகச் சாத்தியம். பெல்ட்டும் செயினும் என்ஜினைப் பொறுத்தவை. காரின் பின்னால் ஒட்டியிருக்கும் பெயருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. 2003 மாடலாக வந்த ஹோண்டா அக்கார்டில் நான்கு சிலிண்டர் கே24 என்ஜினுக்குச் செயின். அதே காரின் வி6 வகையில் இருந்த ஜே30 என்ஜினுக்குப் பெல்ட்.

‘பழைய என்ஜின் என்றால் பெல்ட், புதியது என்றால் செயின்’ என்ற கணக்கும் பாதிதான் சரி. சுபாருவில் இஜே வரிசை பெல்ட், பின்னால் வந்த எஃப்பி வரிசை செயின். சுஸுகியில் ஜி13 பெல்ட், கே வரிசை செயின். இவை அந்தக் கணக்குக்குப் பொருந்துகின்றன. ஆனால் ஃபோக்ஸ்வேகனின் 1.4 டிஎஸ்ஐ நேர்மாறு. முதலில் வந்த இஏ111 குடும்பத்தில் செயின், அடுத்து வந்த இஏ211 குடும்பத்தில் பெல்ட். டீசல் என்பதை வைத்தும் சொல்லமுடியாது. ஃபியட்டின் 1.3 மல்ட்டிஜெட்டில் செயின், ரெனோவின் 1.5 டிசிஐயில் பெல்ட். இரண்டும் வேறு நிறுவனங்களின் பல கார்களுக்குள்ளும் போயிருக்கின்றன. அதனால் நிறுவனத்தின் பெயரும் கைகொடுக்காது.

என்ஜின் குறியீட்டைப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது. பதிவுச் சான்றில் உள்ள என்ஜின் எண்ணின் தொடக்க எழுத்துகளும், என்ஜின் பிளாக்கில் வெட்டப்பட்டிருக்கும் எண்ணும் அநேகமாக இந்தக் குறியீட்டைத் தாங்கியிருக்கும். உதிரிபாகக் கடையில் கேட்கும்போது குறியீட்டோடு சேசிஸ் எண்ணையும் கொடுங்கள். ‘என் காருக்கு டைமிங் பெல்ட் இருக்கிறதா’ என்று கேட்பதைவிட, ‘இந்த எண்ணுக்கு டைமிங் பெல்ட் கிட் காட்டுகிறதா, டைமிங் செயின் கிட் காட்டுகிறதா’ என்று பட்டியலில் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரரின் நினைவைவிடப் பட்டியல் நம்பகமானது.

கேள்வி: கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் டைமிங் பெல்ட் என்ற வரியே இல்லை. செயின் என்று முடிவு செய்யலாமா?

பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் முடிவெடுக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். சில அட்டவணைகள் 80,000 அல்லது 1,00,000 கி.மீ.யோடு நின்றுவிடும். பெல்ட் மாற்றும் தூரம் அதற்கு அப்பால் இருந்தால் அந்தக் கட்டமே அச்சில் இருக்காது. இன்னொன்று, ஒரே கையேட்டில் பல என்ஜின்களுக்கு அட்டவணை இருக்கும். பெட்ரோலுக்கான பக்கத்தைப் பார்த்துவிட்டு டீசல் காருக்கு முடிவு செய்தவர்கள் உண்டு. அடிக்குறிப்புகளையும் படியுங்கள். தூசி நிறைந்த சாலை, கடும் வெப்பம், நெடுநேரம் ஐட்லிங் ஆகியவற்றுக்கான குறைந்த காலக்கெடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: என்ஜின் முனையில் பிளாஸ்டிக் கவர் இல்லை, முழுக்க உலோகம், சீலன்ட்டும் தெரிகிறது. ஆனால் உதிரிபாகப் பட்டியல் ‘டைமிங் பெல்ட்’ என்கிறது. பட்டியல் தவறா?

பட்டியல் சரியாகவே இருக்கலாம். முதல் பதிலில் சொன்ன வெளி அடையாளங்கள் அனைத்தையும் ஏமாற்றும் வகை ஒன்று உண்டு. எண்ணெய்க்குள்ளேயே ஓடும் பெல்ட் அது. வெட் பெல்ட் என்கிறார்கள். ஃபோர்டின் 1.0 ஈக்கோபூஸ்ட் என்ஜினின் ஆரம்ப வடிவங்களிலும், பெஜோ, சித்ரோயன் கார்களில் வந்த 1.2 ப்யூர்டெக் என்ஜினிலும் இப்படித்தான். எண்ணெய் வெளியேறக் கூடாது என்பதால் வெளியே செயின் கவர் போலவே இறுகிய கவர். உள்ளே இருப்பதோ எண்ணெயைத் தாங்கும்படி செய்யப்பட்ட ரப்பர்.

வெளித்தோற்றத்தை வைத்து இதைச் செயின் என்று நினைத்துவிடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. சாதாரண பெல்ட் அறுந்தால்தான் தொல்லை. இந்தப் பெல்ட் அறுவதற்கு முன்பே தொல்லை தரக்கூடியது. எண்ணெயில் பெட்ரோல் கலந்தாலோ, குறிப்பிட்ட தரத்தில் இல்லாத எண்ணெயை ஊற்றினாலோ ரப்பர் ஊறி உப்பி, ஓரங்கள் பிய்யத் தொடங்கும். பிய்ந்த துகள்கள் சம்ப்புக்குள் இறங்கி, ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயிலுள்ள சல்லடையை அடைக்கும். எண்ணெய் அழுத்தம் குறையும், ஆயில் விளக்கு மினுக்கும். இந்தக் கட்டத்தில் புதுப் பெல்ட் மட்டும் போட்டால் போதாது. சம்ப்பை இறக்கிச் சல்லடையைக் கழுவியே ஆகவேண்டும்.

குறுகிய தூரம் மட்டும் ஓடும் காரில் எண்ணெய் சரியாகச் சூடாவதில்லை. கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போவதும் இல்லை. அப்படிப்பட்ட காருக்கு வெட் பெல்ட் இருந்தால், எண்ணெய் மாற்றும் இடைவெளியைக் கையேட்டில் உள்ளதைவிடக் குறைத்துக்கொள்வதே நல்லது. கையேடு குறிப்பிடும் எண்ணெய்த் தரத்திலிருந்து அணுவளவும் விலக வேண்டாம்.

ப்யூர்டெக்கில் ஒரு வசதி உண்டு. ஆயில் ஊற்றும் துளை வழியாகவே பெல்ட்டின் ஒரு பகுதியைப் பார்க்கலாம். அதன் அகலத்தை அளப்பதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. உப்பிய பெல்ட் அதற்குள் நுழையாது. இந்த வகை என்ஜினுள்ள பழைய காரை வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: பெல்ட் மாற்றிய மெக்கானிக், “உள்ளே ஒரு சின்னச் செயினும் இருக்கிறது” என்றார். ஒரே என்ஜினில் இரண்டுமா?

ஆம். ஃபோக்ஸ்வேகன், ஆடி கார்களில் வந்த 20 வால்வு 1.8 டர்போ இதற்கு நல்ல உதாரணம். கிராங்க்கிலிருந்து ஒரு கேம்ஷாஃப்ட்டுக்குப் பெல்ட். அந்தக் கேமிலிருந்து பக்கத்துக் கேமுக்கு, ஹெட்டின் மறுமுனையில், உள்ளங்கை அளவு செயின். ஆயில் துளை வழியாக அந்தச் செயினைப் பார்த்துவிட்டு ‘செயின் என்ஜின்’ என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். டொயோட்டாவின் 1கேடி, 2கேடி டீசல்களில் கீழே பற்சக்கரங்கள், மேலே பெல்ட். ஆகவே செயினையோ கியரையோ பார்த்ததோடு நிற்காமல், பிளாஸ்டிக் கவர் ஒன்றும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இருந்தால், மாற்றவேண்டிய பெல்ட் உண்டு.

மிட்சுபிஷி 4ஜி63 என்ஜினின் பல வடிவங்களில் பெல்ட்டே இரண்டு. சிறியது, என்ஜின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கானது. அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால் டைமிங்கே போய்விடும். பெரியதை மாற்றும்போது சிறியதையும் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: செயின் என்ஜின்தான், உறுதி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம், பிறகு நின்றுவிடுகிறது. விட்டுவிடலாமா?

விட வேண்டாம். பயந்துபோய் உடனே செயினை மாற்றவும் வேண்டாம்.

பெரும்பாலான செயின்களை இறுக்கிப் பிடிப்பது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனர். இரவு முழுக்க நின்ற என்ஜினில் அதிலிருந்த எண்ணெய் வடிந்திருக்கும். அழுத்தம் திரும்ப ஏறும்வரை செயின் தளர்ந்து, அதற்கு வழிகாட்டும் பிளாஸ்டிக் கைடுகளில் மோதுகிறது. முதலில் டிப்ஸ்டிக்கில் எண்ணெய் அளவைப் பாருங்கள். அடுத்து ஆயில் ஃபில்டர். நல்ல ஃபில்டரில் எண்ணெய் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று இருக்கும். தரமற்ற ஃபில்டரில் அது இறுகியோ சுருங்கியோ வேலை செய்யாது. சரியான ஃபில்டரும் கையேடு சொல்லும் கிரேடு எண்ணெயும் போட்டதும் சத்தம் போய்விட்டால், செயின் தப்பித்தது.

போகவில்லை, அல்லது சூடான பிறகும் ஆக்ஸிலரேட்டரை விடும்போது அதே கடகடப்பு வருகிறது என்றால் டென்ஷனர், கைடு, செயின் மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். டேப்பட் சத்தத்துடன் இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். டேப்பட் சத்தம் மேலிருந்து, சீரான தாளத்தில் ‘டிக் டிக்’ என்று வரும். செயின் சத்தம் என்ஜினின் முனையிலிருந்து, தாளமில்லாமல் கரகரப்பாக வரும்.

ஸ்கேனரில் பி0016, பி0017 போன்ற பிழைக் குறியீடுகள் வந்தால் கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன என்று பொருள். சென்சார், வயரிங், கேமைத் திருப்பும் ஆயில் கன்ட்ரோல் வால்வு ஆகியவற்றாலும் இதே குறியீடு வரலாம். அவற்றைச் சோதித்துவிட்டுச் செயினுக்கு வாருங்கள்.

‘செயின் இழுத்துக்கொண்டது’ என்று சொல்வது வழக்கம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ‘பின்’ என்ற சிறு ஊசியும் அது சுழலும் துளையும் தேய்கின்றன. ஒரு கண்ணிக்கு 0.01 மி.மீ. தேய்மானம் என்றாலும் 150 கண்ணிகளில் அது 1.5 மி.மீ. நீளமாகச் சேர்ந்துவிடும். தேய்ப்பது அழுக்கு எண்ணெய். செயினுக்கென்று மாற்றும் தேதி கிடையாது என்பது உண்மைதான், ஆனால் அதன் ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்றும் ஒழுங்கில் தொங்குகிறது. முதல் கேள்வி கேட்டவருக்கும் இது பொருந்தும். செயின் என்ஜின் என்று உறுதியானதும் விற்பவரிடம் எண்ணெய் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். அவை இல்லாத செயின் காரைவிட, ரசீதோடு பெல்ட் மாற்றிய காரே மேல் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: பத்து வருடக் கார், ஓடியது 40,000 கி.மீ.தான். கவரைத் திறந்து பார்த்தேன், பெல்ட்டில் ஒரு வெடிப்புகூட இல்லை. மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றுங்கள். காலக்கெடு பெரும்பாலும் இரட்டை: இத்தனை கி.மீ. அல்லது இத்தனை ஆண்டு, எது முந்துகிறதோ அது. தூரம் என்ஜினுக்கு என்ஜின் மாறும். பழையவற்றில் 60,000 கி.மீ.கூட உண்டு, பின்னால் வந்த பலவற்றில் 90,000 முதல் 1,60,000 வரை. உங்கள் என்ஜினுக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில்தான் பார்க்கவேண்டும். ஓடாமல் நின்றாலும் ரப்பர் மூப்படையும். புல்லியைச் சுற்றி ஒரே இடத்தில் மடிந்து நிற்பதும் அதற்கு நல்லதல்ல.

கண்ணால் பார்ப்பதை நம்ப முடியாததற்குக் காரணம் இருக்கிறது. பெல்ட்டின் பலம் ரப்பருக்குள் புதைந்த கண்ணாடி நார்களில் இருக்கிறது, அவை வெளியே தெரியாது. இப்போதைய பெல்ட்டுகளின் ரப்பர் கலவை, முதுகில் வெடிப்பே காட்டாமல் கடைசிவரை வரக்கூடியது. பற்கள் அடியோடு வழித்துக்கொண்டு போவதும் உண்டு, அதுவும் சிறிய கிராங்க் புல்லி இருக்கும் கீழ்ப்பகுதியில். நீங்கள் பார்த்ததோ மேல்பகுதி.

ஒரு திசையில் மட்டும் கண்ணை நம்பலாம். வெடிப்பு, பிரிந்த நூல், பளபளக்கும் முதுகு, எண்ணெய் ஈரம், கூலன்ட் காய்ந்த வெள்ளைத் தடம் ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். எண்ணெய் என்றால் கேம் சீலோ கிராங்க் சீலோ கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் போடும் புதுப் பெல்ட்டும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

கேள்வி: ஓடிக்கொண்டிருந்த கார் சட்டென்று நின்றது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் வழக்கத்தைவிட வேகமாக, லேசாகச் சுற்றுகிறது. பெல்ட் அறுந்துவிட்டதா?

பெரும்பாலும் அதுவே. கேம் சுற்றாவிட்டால் சில சிலிண்டர்களில் வால்வு திறந்தபடியே நிற்கும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தம்) இருக்காது. ஸ்டார்ட்டருக்குச் சுமை குறைவதால் வரும் லேசான சுழற்சி அது. இன்னொரு முறை முயற்சி செய்து பார்க்காதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. மேல் கவரைத் திறந்து பெல்ட் முழுதாக, இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்து என்ன ஆகும் என்பது என்ஜின் வடிவமைப்பைப் பொறுத்தது. முழுதாகத் திறந்த வால்வும் மேலே வந்த பிஸ்டனும் ஒன்றையொன்று தொடாதபடி இடம் விட்டிருந்தால் புதுப் பெல்ட் போட்டு ஓட்டிவிடலாம். தொடும்படி இருந்தால் வால்வுகள் வளையும், சில சமயம் பிஸ்டனும் அடிபடும். டீசல் என்ஜின்கள் ஏறத்தாழ அனைத்தும் தொடும் வகைதான். பெட்ரோலில் இரண்டும் உண்டு. ‘மெதுவாகப் போகும்போதுதானே அறுந்தது’ என்று ஆறுதல்பட முடியாது, ஐட்லிங்கில் அறுந்தும் வால்வு வளைந்திருக்கிறது.

ஹெட்டை இறக்குவதற்கு முன், டைமிங் மார்க்கைச் (கிராங்க்கும் கேமும் பொருந்தி நிற்பதைக் காட்டும் அடையாளம்) சேர்த்து ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றை ஏற்றிக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். காற்று இன்டேக் வழியாகவோ சைலன்ஸர் வழியாகவோ சீறினால் அந்தப் பக்க வால்வு வளைந்துவிட்டது. புதுப் பெல்ட் மாட்டியதும் முதலில் கையால்தான் சுற்ற வேண்டும். எங்காவது கட்டென்று தட்டி நின்றால் பலம் கொடுக்காமல் அங்கேயே நிறுத்தவேண்டும்.

கேள்வி: பெல்ட் மாற்றக் கொடுக்கப் போகிறேன். எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

பெல்ட்டோடு டென்ஷனரும் ஐட்லர் உருளைகளும் புதிதாக வேண்டும். பெல்ட் நன்றாக இருக்கும்போதே டென்ஷனர் பேரிங் இறுகி, பெல்ட்டை எரித்து அறுத்துவிடும் நிகழ்வுகள் ஏராளம். வாட்டர் பம்ப் இதே பெல்ட்டில் ஓடுவதாக இருந்தால் அதுவும் கூலன்ட்டும். கேம், கிராங்க் சீல்களில் ஈரம் இருந்தால் அவையும். சில என்ஜின்களில் கிராங்க் புல்லி போல்ட் ஒருமுறை இறுக்கியபின் மறுபடி பயன்படுத்தக் கூடாத வகை. கையேடு அப்படிச் சொன்னால் புதிய போல்ட்டும் வாங்குங்கள். புதுப் பெல்ட்டை மடித்தோ, உள்வெளியாகத் திருப்பியோ, ஸ்க்ரூடிரைவரால் நெம்பியோ ஏற்றக் கூடாது. உள்ளிருக்கும் நார் முறிந்துவிடும், வெளியே தெரியாது.

மாட்டி முடித்ததும் கிராங்க்கை, அது ஓடும் திசையிலேயே, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மார்க்குகள் மறுபடி சேர்கின்றனவா என்று பார்க்கவேண்டும். ஏன் இரண்டு? கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும். ஒரே சுற்றில் நிறுத்தினால் கேம் மார்க் எதிர்ப்பக்கத்தில் நிற்கும். ஒரு பல் தவறியிருந்தால் இந்தச் சோதனையில் அகப்பட்டுவிடும். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, நேரில் நின்று பாருங்கள்.

கேள்வி: டேஷ்போர்டில் டைமிங் பெல்ட் விளக்கு எரிந்தது. மெக்கானிக் அதை அணைத்துக் கொடுத்துவிட்டார். பெல்ட் மாற்றியாயிற்றா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. டொயோட்டா டீசல்கள் சிலவற்றில் உள்ள இந்த விளக்கு பெல்ட்டை அளப்பதே இல்லை, ஓடிய தூரத்தை மட்டும் எண்ணுகிறது. பெல்ட்டைத் தொடாமலே அதை அணைக்கலாம். அறுந்துபோகும் நிலையில் பெல்ட் இருந்தாலும், தூரம் ஆகவில்லை என்றால் அது எரியாது.

ரசீதில் பெல்ட் கிட்டின் உதிரிபாக எண் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். இரண்டும் இல்லை என்றால் மேல் கவரைத் திறந்து பாருங்கள். புதுப் பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எழுத்தும் எண்ணும் தெளிவாகத் தெரியும், பழையதில் அவை மங்கியோ அழிந்தோ போயிருக்கும். மாற்றியது உறுதியானதும், மாற்றிய தேதி, அன்றைய கி.மீ., கிட் எண் மூன்றையும் அழியாத மையில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி, வெயிலும் எண்ணெயும் படாத இடமாக, பானெட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.